தேவந்திக்கு ஒரு நாள்

நட்பைப் பற்றி மேடையேறிப் பேசுவோர் நாவில் முதலில் வருபவர்கள் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும். நேரில் காணாமலே நட்புப் பூண்டு, வடக்கிருந்து உயிர் நீத்த அவ்விருவரின் பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயின், மறைந்த தோழியை நினைந்து வஞ்சி வரை சென்று, அவள் கோட்டத்தின் முன் நின்று அரற்றிய தேவந்தியை எந்தப் பட்டிமன்றம் நினைத்தது? கணவனைப் பிரிந்து வாழ்ந்த அந்தணப் பெண் அவள்; வணிகர் குலத்துக் கண்ணகியின் துயர் தீரச் சாத்தன் கோயிலில் வேண்டி நின்றவள். குலம் தடுக்காத, சாவும் முறிக்காத அந்த நட்பை இளங்கோ பாடினார், நாம் மறந்தோம்.

இம்மறதி ஏட்டோடு நிற்கவில்லை. நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. திருமணத்தால் ஊர் பெயர்பவள் பெண். மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் குடியேறிய நம் மகளிருள் எத்தனையோ பேர் தஞ்சையிலும் நெல்லையிலும் தம் தோழியரை விட்டு வந்தவர்கள். கணவரின் நண்பர் குடும்ப நண்பராகிறார். மனைவியின் தோழியோ பழைய அழைப்பிதழில் ஒரு முகவரியாகச் சுருங்கிப்போகிறாள். தோழியைச் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அதாவது தொட்டில் முதல் உடன் வளர்ந்தவள். அத்தகையவளைப் பிரிந்து வந்த பெண்ணுக்குப் புதிய ஊரில் நாம் தந்தது என்ன?

"நவராத்திரிக் கொலு இருக்கிறதே!" என்பாரும் உளர். மகளிரை மகளிர் அழைக்கும் விழாதான் அது; மறுக்கவில்லை. ஆனால், குங்குமச் சிமிழைத் திறக்கும்போது, கணவனை இழந்த தோழி சுவரோரம் ஒதுங்கி நிற்கிறாளே, அந்த விழாவைத் தோழமை விழா என்று எப்படிச் சொல்வது? காரடையான் நோன்பு கணவன் ஆயுளுக்கு. கணுப்பிடி உடன்பிறந்தான் நலத்துக்கு. வரலட்சுமி நோன்பு குடும்பச் செழிப்புக்கு. தோழிக்கென்று நோற்கும் நாள் எங்கே?

நாம் கொலுப்படி அடுக்கும் அதே நாட்களில் இந்நகரத்துத் தெலுங்கு மகளிர் செய்வதைக் காணுங்கள். மகாளய அமாவாசை தொடங்கி ஒன்பது நாள், ஆவாரம்பூவும் சாமந்தியும் கோபுரமாய் அடுக்கி, தெருவில் வட்டமிட்டுக் கைகொட்டிப் பாடி, இறுதியில் பதுகம்மாவை நீரில் விடுகிறார்கள். மணமாகிச் சென்ற பெண்கள் பிறந்தகம் வந்து இளமைத் தோழியரோடு கைகோக்கும் காலம் அது. 2014இல் தெலங்கானா அரசு அதனை மாநில விழாவாக அறிவித்தது. வழிபாடு கௌரிக்கு, வாழ்வு தோழமைக்கு!

2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்று, காதலர் நாளுக்கு முந்தைய நாளான பிப்ரவரி 13ஐத் தோழியர் நாளாகக் கற்பித்தது. எந்த அரசும் ஆணையிடாமலே பெண்கள் பலர் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். "அயலார் சரக்கு நமக்கெதற்கு?" என்று நகைப்போருக்கு நம் விடை இது: பெயரைக் கடன் வாங்க வேண்டா, பொருளை நம் வீட்டிலேயே தேடுங்கள்.

காணும் பொங்கல் நம்முடையது. காண்பதற்கென்றே பெயர் கொண்ட நாள். அந்நாளைத் தோழியர் நாளாக்குவோம். அன்று அடுப்பு ஆடவர் பொறுப்பு. சங்கக் கூடம் மகளிர்க்கே உரியது. அங்கும் அவர்கள் பரிமாற வரவேண்டா, பேச வரட்டும். நெற்றியைப் பார்த்து வரவேற்கும் வழக்கம் வாயிலுக்கு வெளியே நிற்கட்டும். பக்கத்து வீட்டுத் தெலுங்குத் தோழியும், உருதுத் தோழியும் வரட்டும். ஊரில் விட்டு வந்த தோழியைத் தொலைபேசியிலேனும் அழைக்கட்டும்.

இதற்குத் தீர்மானமும் நிதியும் தேவையில்லை. ஆடவர் ஒரு நாள் வழிவிட்டால் போதும். அதற்கும் மனமில்லையெனில், நட்பதிகாரத்தை மேடையில் முழங்குவதை நாம் நிறுத்திக்கொள்வதே நேர்மை.