பெர்மிட் தேதி முடியுது, ஆபீஸில் பதில் இல்லை: ஜெர்மனியில் இருக்கும் இந்தியர்களுக்கு எந்தத் தாள் கைகொடுக்கும்?

சென்னையில் தங்கைக்குக் கல்யாணம். டிக்கெட் போட்டாச்சு, லீவும் கிடைச்சாச்சு. ஆனால் ஜெர்மனியில் வேலை பார்க்கும் அண்ணனின் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு, கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்பே காலாவதி ஆகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்து மூணு மாசம் ஆகியும் பதில் இல்லை. "ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடுவாங்களா?"

ஒரு உதாரணத்துக்குத்தான் இந்த அண்ணன். ஆனால் ஜெர்மனியில் உள்ள இந்தியர்கள் பலருக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. 2024 அக்டோபரில், திறன்மிகு இந்தியர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000-ல் இருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அங்கு படிக்கும் வெளிநாட்டு மாணவர்களிலும் இந்தியர்கள்தான் முதலிடம்; 2023-24 குளிர்கால செமஸ்டரில் மட்டும் 49,000-க்கும் அதிகமானோர். 'வாங்க' என்று அழைக்கும் நாடு, உள்ளே போனபிறகு ஏன் இப்படிக் காக்க வைக்கிறது?

சட்டம் ஒன்று, அலுவலகம் ஐநூறு

வெளிநாட்டவர் தங்குவதற்கான சட்டம் ஜெர்மனி முழுக்க ஒன்றுதான். ஆனால் அதைச் செயல்படுத்துவது மத்திய அரசு அல்ல. ஒவ்வொரு நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி வெளிநாட்டவர் அலுவலகம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'அவுஸ்லெண்டர்பெஹோர்டே'. நாடு முழுக்க இப்படி 500-க்கும் மேல். பெர்லினில் மட்டும் 2020 ஜனவரியில் இது தனி மாநிலக் குடியேற்றத் துறையாக மாற்றப்பட்டது.

இதனால்தான் ஒரே விசா, ஒரே வேலை, ஒரே சம்பளம் உள்ள ரெண்டு நண்பர்களில், சிறிய ஊரில் இருப்பவருக்கு சில வாரங்களில் கார்டு வருகிறது. பெரிய நகரத்தில் இருப்பவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். ஊர் மாறினால் ஃபைலும் பழைய அலுவலகத்தில் இருந்து புதிய அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். 2022-க்குப் பிறகு உக்ரைனில் இருந்து வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் இதே அலுவலகங்கள்தான் அனுமதி கொடுத்தன. இன்னொரு காரணம் காகிதம். அரசு சேவைகளை 2022 இறுதிக்குள் ஆன்லைனுக்குக் கொண்டுவர வேண்டும் என 2017-லேயே சட்டம் போட்டார்கள். அந்தக் கெடுவைத் தொட முடியவில்லை. விண்ணப்பத்தை ஆன்லைனில் வாங்கும் ஊர்களிலும், கைரேகை கொடுக்க நேரில் போகத்தான் வேண்டும். அனுமதி ஓகே ஆனபிறகும் கார்டு பெர்லினில் உள்ள அரசு அச்சகத்தில் அச்சாகி வரச் சில வாரங்கள் ஆகும்.

தேதி முடிந்தால் சட்டவிரோதமா?

இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பெர்மிட் தேதி முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் தங்கும் உரிமைச் சட்டம், பிரிவு 81(4) இதைத் தெளிவாகச் சொல்கிறது. தேதிக்கு முன் விண்ணப்பித்தால், முடிவு வரும் வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கருதப்படும். இதற்கு அத்தாட்சியாகக் கொடுக்கப்படும் தாளின் பெயர் 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்'. பெயரிலேயே 'புனைவு' இருக்கிறது. காலாவதியான அனுமதி உயிரோடு இருப்பதாகச் சட்டம் பாவிக்கிறது. கட்டணம் 13 யூரோ.

தேதி தாண்டிய பிறகு விண்ணப்பித்தால் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. பெரிய பாதிப்பைத் தவிர்க்க அதிகாரி விரும்பினால் கொடுக்கலாம், அவ்வளவுதான். சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசாவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

நிறைய பேர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் தேடிக்கொண்டே இருப்பது விண்ணப்பித்தது ஆகாது. ஸ்லாட் கிடைக்கவில்லை என்றாலும், தேதிக்கு முன்பே ஆன்லைனிலோ தபாலிலோ விண்ணப்பத்தை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

வேலைக்கு என்ன ஆகும்?

கார்டு தேதி நெருங்கியதும் ஹெச்.ஆர். ஏன் மெயில் மேல் மெயில் போடுகிறார்? வெளிநாட்டு ஊழியரின் அனுமதியைச் சரிபார்த்து நகல் வைத்திருப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 5 லட்சம் யூரோ வரை அபராதம் விதிக்கலாம். அதனால், சட்டப்படி அனுமதி தொடர்ந்தாலும், அதைக் காட்ட ஒரு தாள் இல்லை என்றால் சம்பளத்துக்கே சிக்கல் வரலாம்.

இன்னொரு விஷயம்: தொடர்வது பழைய அனுமதிதான். அதன் நிபந்தனைகளும் சேர்ந்தே தொடரும். படிப்பு முடித்து வேலைக்கான அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர், புது அனுமதி வழங்க முடிவாகும் வரை மாணவருக்கான வேலை வரம்பில்தான் இருப்பார். அதாவது ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் ஜாயினிங் தேதி தள்ளிப்போவது இதனால்தான்.

சரி, கல்யாணத்துக்குப் போகலாமா?

தாளில் எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும். 81(4)-ன் கீழ் கொடுக்கப்பட்டது என்றால், பாஸ்போர்ட், பழைய கார்டு, இந்தத் தாள் மூன்றையும் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குத் திரும்பலாம். 81(3) என்றால் ஜெர்மனிக்குள் தங்க மட்டுமே அனுமதி; வெளியே போனால் இதை வைத்துத் திரும்ப முடியாது.

தாள் கையில் இல்லாமல் கிளம்புவது ரிஸ்க். 'சட்டப்படி என் அனுமதி தொடர்கிறது' என்று சென்னை விமான நிலைய செக்-இன் கவுண்டரில் நின்று வாதாடினாலும், ஆவணம் இல்லை என்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அப்புறம் புது விசாவுக்கு விண்ணப்பித்து ஊரிலேயே காத்திருக்க வேண்டும். நீண்ட நாள் தங்குவதிலும் கவனம் தேவை. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் அனுமதி ரத்தாகிவிடும். ப்ளூ கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது 12 மாதம்.

பதிலே வரவில்லை என்றால்?

ஜெர்மனியின் நிர்வாக நீதிமன்றச் சட்டம், பிரிவு 75-ல் ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதம் ஆகியும், தக்க காரணம் இல்லாமல் முடிவெடுக்கவில்லை என்றால், 'செயல்படாமைக்கு எதிரான வழக்கு' போடலாம். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு ஆவணம் குறைந்தாலும் அதுவே தக்க காரணம் ஆகிவிடும். நீதிமன்றக் கட்டணமும் உண்டு. அதனால் முதலில் கெடு குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக ஒரு நினைவூட்டல் அனுப்புவது நல்லது.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

• புது வீட்டுக்குப் போன ரெண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் இதற்குக் கட்டாயம்.

• பாஸ்போர்ட் தேதியைப் பார்ப்பது. அது முடியும் தேதியைத் தாண்டி பெர்மிட் கொடுக்க மாட்டார்கள்.

• வேலை போனால் ரெண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுப்பது.

• ப்ளூ கார்டு இருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்குத் திட்டமிடுவது. மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் 27 மாத வேலைக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 நிலை இருந்தால் 21 மாதமே போதும். அடிக்கடி புதுப்பிக்கும் தலைவலிக்கு இதுதான் நிரந்தரத் தீர்வு.

குடியுரிமைக்கான காத்திருப்பு 2024 ஜூனில் எட்டு ஆண்டில் இருந்து ஐந்தாகக் குறைந்தது. இரட்டைக் குடியுரிமையையும் ஜெர்மனி ஏற்கிறது. ஆனால் இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. கார்டுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும்.

அடுத்து என்ன?

2025-ல் அமைந்த கூட்டணி அரசு, திறன்மிகு பணியாளர்களுக்கான நடைமுறைகளை ஒரே இடத்தில் கொண்டுவர 'வொர்க் அண்ட் ஸ்டே' என்ற டிஜிட்டல் ஏஜென்சியைத் தொடங்குவதாக ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கிறது. விசா எண்ணிக்கையை ஒரே அறிவிப்பில் உயர்த்திவிடலாம். 500 அலுவலகங்களின் ஃபைல்களை ஒரே அறிவிப்பில் நகர்த்திவிட முடியாது. அது நடக்கும் வரை, தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பும் அண்ணன் டிக்கெட்டுக்கு முன் சரிபார்க்க வேண்டியவை ரெண்டுதான்: விண்ணப்பம் தேதிக்கு முன் போனதா, 81(4) தாள் கையில் இருக்கிறதா?