முடிவை அறியாத காதுகள்

திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூட்டாக உருவாக்கிய 'ஊமை விழிகள்' 1986-இல் வெளிவந்தது. மதுரையில் பொறியியல் பயின்ற கார்த்திக் சுப்பராஜ், 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குறும்படங்களைக் காட்டியபின் 2012-இல் 'பீட்சா'வை இயக்கினார். மர்மப்படம் எடுக்க விழையும் மதுரை மாணவர்கள் இவ்விரண்டையும் நினைவுகூர்வது இயல்பே. ஆனால், போட்டி நடுவர் பேசுவது முடிந்துபோன படத்தைப் பற்றி. எடுக்கப்போகும் படத்தைத் திருத்த வல்லவர் உடன்பயிலும் நண்பரே என்பது நம் கருத்து.

கதையை எழுதியவருக்குக் கொலையாளி யாரென்பது முதல் வரியிலேயே தெரியும். எவ்விடத்தில் ஐயம் பிறக்கிறது, எவ்விடத்தில் குட்டு உடைகிறது என்பதை அவரால் அளக்கவியலாது. முடிவை அறியாத காது ஒன்று வேண்டும். அக்காது ஒருமுறைதான் பயன்படும். ஆகவே நண்பர் அனைவரையும் ஒரே நாளில் கூட்டிக் கதை சொல்லிவிடுதல் வீண். முதலில் இருவர், திருத்தியபின் வேறு இருவர்.

ஆளரவமற்ற மாசி வீதியில் நள்ளிரவில் நாயகி துரத்தப்படுகிறாள் என்று எழுதுகிறோம் எனக் கொள்வோம். "இரவு 2 மணிக்கும் இட்லி வேகும் ஊராயிற்றே, அவள் கத்தினால் நாலு பேர் ஓடிவர மாட்டார்களா?" என்று நண்பர் கேட்பார். காட்சியை நாகமலை அடிவாரத்துக்கு மாற்றினால், அந்நேரத்தில் அவள் அங்கே எதற்குப் போனாள் என்பார். அதற்கு விடை தேடும்போதுதான் கதைக்கே முதுகெலும்பு முளைக்கும். தாளில் இருக்கும்வரை இத்திருத்தத்துக்குச் செலவில்லை. வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தபின் இதே கேள்வி வந்தால் தலையில் கைவைத்து அமர வேண்டியதுதான்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்தது நன்னூல். அவற்றுள் 'மயங்க வைத்தல்', 'சென்று தேய்ந்து இறுதல்' ஆகிய இரண்டும் நம் மர்மப்படங்களுக்கென்றே சொல்லப்பட்டவை போலும்! கதை கேட்கும் நண்பர் இவ்விரண்டை மட்டும் கவனித்துச் சொன்னாலே பெரிய உதவி.

அதற்காக எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லை. "இவ்விடத்தில் சலித்தது" என்றால் மறுக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். "இங்கே ஒரு பாட்டு வை" என்றால் புன்னகைத்து நகரலாம். நோயைச் சொல்வது நண்பர் கடமை. மருந்தைத் தேர்வது இயக்குநர் உரிமை.

அவையின் முன் நூலை அரங்கேற்றி, தடைகளுக்கு விடை கூறும் மரபைப் போற்றிய ஊர் இது. "அருமை" என்று தோள்தட்டி அனுப்பும் நட்பால் படத்துக்கு எப்பயனும் இல்லை. நண்பர் முகம் சுளிப்பதைப் பொறுத்துக்கொள்வோம். இருண்ட அரங்கில் முன்பின் அறியாதவர் பாதியில் எழுந்து செல்வதைக் காண்பதைவிட அது எளிது.