கல்லை எடுத்தீர்கள், வலியை ஏன் விட்டீர்கள்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிறுநீரகக் கல் வெளியே வந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணமும் கட்டவில்லை. பிறகு என்ன குறை? முதல் ராத்திரிதான் குறை.

2 செ.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்குப் பெரும்பாலும் பி.சி.என்.எல். முறையில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகின் பக்கவாட்டில் விலாவை ஒட்டித் துளையிட்டு, அந்த வழியை ஏறக்குறைய 1 செ.மீ. வரை அகலப்படுத்திக் கல்லை உடைத்து எடுப்பார்கள். விலாப்பக்கத்தை நீளமாகக் கிழித்த காலத்தை நினைத்தால் இது பெரிய வரம். ஆனால், பலருக்கு அந்தத் துளையிலேயே ஓரிரு நாள் டியூப் இருக்கும். மூச்சு விடும்போதெல்லாம் சிறுநீரகம் அசையும். டியூபோ தோலோடு தைக்கப்பட்டிருக்கும். மூச்சை இழுத்தால் குத்தும், இருமினால் உயிர் போகும். மயக்க மருந்து தெளிந்த கையோடு எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும்.

கேஸ் ஷீட்டில் வலி ஊசிக்கு நேராக 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருக்கும். தேவைப்பட்டால் போடலாம் என்று பொருள். தேவையை யார் முடிவு செய்வது?

"சிஸ்டர், தாங்க முடியலம்மா."

"இப்பத்தானே போட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க."

வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் அந்தச் சகோதரியைக் குறை சொல்லிப் பயனில்லை. டிராமடால் போட்டால் பலருக்குக் குமட்டும். வாந்தி எடுக்கும்போது விலா இன்னும் நோகும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று மருத்துவர்கள் தயங்குவதும் நியாயமே.

இதற்கு மருந்து தியேட்டர் அலமாரியிலேயே இருக்கிறது. பியூபிவகெய்ன்: சிசேரியனுக்கு முதுகில் போடுகிறார்களே, அதே மரத்துப்போகும் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு. 0.25 சதவீதக் கரைசலில் 20 மி.லி. அளவுக்கு, தோலிலிருந்து சிறுநீரக உறை வரை துளையைச் சுற்றிச் செலுத்திவிட்டு நோயாளியை வார்டுக்கு அனுப்பலாம். சில நிமிட வேலை. முதல் சில மணி நேரம் வலி தணிவதாகவும், வலி ஊசியின் தேவை குறைவதாகவும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்கேன் பார்த்து முதுகுத் தசைக்கு அடியில் நரம்பை மரக்கவைக்கும் முறையும் இருக்கிறது.

இது சர்வரோக நிவாரணி இல்லை. மறுநாள் வலிக்கு இது போதாது. சிறுநீர்க் குழாய்க்குள் வைக்கும் 'ஸ்டென்ட்' என்ற மெல்லிய குழாயின் எரிச்சலுக்கும் உதவாது. அளவு மீறினால் இதயத்தையே பாதிக்கும் என்பதால், உடல் எடையைப் பார்த்து மயக்கவியல் மருத்துவர் அளவைச் சொல்ல வேண்டும். அவர்தான் தியேட்டரிலேயே இருக்கிறாரே!

சில மருத்துவர்கள் இதைத் தவறாமல் செய்கிறார்கள். மற்ற இடங்களில் நோயாளியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வெயிலில் வேலை பார்த்து, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் கல் வளர்த்துக்கொண்ட கூலித் தொழிலாளிக்கு இதைக் கேட்டு வாங்கத் தெரியுமா? சுகாதாரத் துறை ஒரே ஒரு பக்கத்தில் சுற்றறிக்கை அனுப்பினால் போதும்: பி.சி.என்.எல். முடிந்ததும் இந்த மரத்துப்போகும் ஊசி போடப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பி.பி., காய்ச்சல் குறிக்கும் அதே அட்டையில் வலிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் குறிக்க வேண்டும். 'எஸ்.ஓ.எஸ்.' போய், மணிக் கணக்கோடு வலி மருந்து எழுதப்பட வேண்டும். காப்பீட்டுப் பணம் கேட்டு மருத்துவமனைகள் அனுப்பும் ஆவணங்களோடு இந்த அட்டையின் நகலையும் கட்டாயமாக்கலாம்.

அதுவரை, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் உறவினர்கள் பேனாவைத் திறக்கும் முன் கேளுங்கள்: "டாக்டர், துளை போடுற இடத்துல மரத்துப்போற ஊசி போடுவீங்களா?"