குதிரைக்கு நோவா, ஏறுன ஆளுக்கு நோவா?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில ஆரம்பிச்ச சண்டை. இன்னும் மனசு ஆறல, அதான் பதிவாவே போட்டுடறேன்.

சித்தப்பா பொண்ணு பிசியோதெரபி கடைசி வருசம். "குதிரைக்கும் அதுல ஏர்றவங்களுக்கும் வைத்தியம் பண்ணப் போறேண்ணா"ன்னு சொல்லுச்சு. பந்தியே சிரிச்சுது. "ஏங்கண்ணு, குதிரையக் கட்டில்ல படுக்க வெப்பியா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார்.

சிரிச்சவங்க யாரு? ஆடி வந்தா அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு ஓடறவங்க. மார்வாரி, காத்தியவாரின்னு இனம் பிரிச்சு, சுழி பார்த்து, லட்சக்கணக்குல விலை பேசறவங்க. சுழி பார்க்கத் தெரிஞ்ச நமக்கு முதுகு பார்க்கத் தெரியுமாங்க?

குதிரைக்குக் காறை எலும்பே கிடையாது. முன்னங்காலை உடம்போட பிடிச்சு வெச்சிருக்கறது வெறும் தசையும் நாரும்தான். மொத்த எடையில ஏறக்குறைய 60 சதவீதம் அந்த முன்னங்கால்லதான் இறங்குது. மேல உக்கார்ற ஆளுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா, குதிரையும் ஒரு பக்கமா இழுத்தே நடக்கும். நாளாக ஆக ஒரு பக்கத் தசை சூம்பிடும். நாம என்ன செய்வோம்? "திமிரு பிடிச்ச குதிரை"ன்னு சாட்டைய எடுப்போம். இல்லாட்டி சூடு போடுவோம். ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கற ஆளு வேணும்கறது இதுக்குத்தான்.

"அதெல்லாம் பணக்காரங்க வெளையாட்டு"ங்கறீங்களா? கல்யாணத்துக்கு சாரட்டு இழுக்கறது யாரு? ஊட்டியில டூரிஸ்ட்டை ஏத்திக்கிட்டு நாளெல்லாம் நடக்கறது யாரு? அதுகளுக்கு முதுகு இல்லையா?

2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல, டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில நம்ம பசங்க தங்கம் வாங்குனாங்க. குதிரையேற்றத்துல 41 வருசம் கழிச்சு வந்த தங்கம். ஆனா அவங்க பயிற்சி எடுத்தது ஐரோப்பாவுல. இங்கிலாந்துல கால்நடை டாக்டர் சொல்படி விலங்குக்கு பிசியோதெரபி பண்ணலாம்னு 1962லயே சட்டத்துல இடம் கொடுத்துட்டாங்க.

இங்க? மனுச உடம்பு படிச்சவங்களுக்குக் குதிரை தெரியாது. கால்நடை டாக்டர் ஏறுன ஆளோட இடுப்பைப் பார்க்க மாட்டார். நம்ம 1984 சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை டாக்டர்தான் வைத்தியம் பண்ணணும். சரியான சட்டம்தான். எலும்பு விரிசல் விட்ட காலைத் தெரியாம அமுக்கினா குதிரையே போயிடும். ஆனா அதே சட்டத்துல, கால்நடை டிப்ளமோ, சான்றிதழ் வெச்சிருக்கறவங்க டாக்டர் மேற்பார்வையில சின்ன வேலைகளைப் பார்க்க மாநில அரசு அனுமதிக்கலாம்னும் இருக்கு. அந்தக் கதவு வழியாப் போக பிசியோதெரபி முடிச்சவங்களுக்குன்னு ஒரு சான்றிதழ் படிப்பு கொண்டு வந்தா என்ன குடி முழுகிடும்?

அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொல்ல மாட்டேன். குதிரைய மட்டும் நம்புனா சோத்துக்கே சிரமம். பாதி நாள் மனுச முழங்காலைத்தான் பார்க்கணும். அது அதுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கேக்குது.

அடுத்த ஆடிக்கு அந்தியூர் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்லைப் பிடிச்சு வயசு பார்த்து முடிச்சதும், சேணத்தை இறக்கச் சொல்லி முதுகெலும்பு ஓரமா ரெண்டு பக்கமும் மெதுவாத் தடவிப் பாருங்க. குதிரை சுருக்குனு வளைஞ்சா, அன்னிக்குப் பந்தியில சிரிச்சது தப்புன்னு புரியும்.

டிஸ்கி: "லாடம் அடிக்கறவனுக்கு எதுக்குப் பட்டம்"னு பின்னூட்டம் போட நினைக்கறவங்க, முதல்ல ஒரு லாடம் அடிச்சுக் காட்டிட்டு வாங்க :-)