தபரனுக்குத் தமிழில் இடமில்லையா?

இராமேஸ்வரம் செல்லும் ரயில் பரமக்குடியில் நிற்கும்போது, 'இது கமல் ஊர்' என்று எவரேனும் ஒருவர் சொல்லிவிடுவதுண்டு. அதே வீட்டிலிருந்து வந்த சாருஹாசனையோ கமலின் அண்ணன், சுஹாசினியின் தந்தை என்று உறவு சொல்லியே அடையாளம் காண்கிறோம். நல்ல நடிகர் ஒருவருக்கு நாம் இழைத்திருக்கும் அநீதி இது.

வழக்கறிஞரான அவர், ஐம்பதை நெருங்கும் வயதில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) வழியாகத் திரைக்கு வந்தார். பிறகு 'வேதம் புதிது' (1987) படத்தில் சாஸ்திரி, 'தளபதி' (1991) படத்தில் நாயகியின் தந்தை என்று தமிழ்த் திரை அவரைக் கதையின் ஓரத்திலேயே நிறுத்தியது.

1985இல் வந்த 'சிந்து பைரவி'க்காகச் சுஹாசினியும் 1987இல் வந்த 'நாயகன்' படத்துக்காகக் கமலும் தேசிய விருது பெற்றதை நாம் அறிவோம். இடைப்பட்ட 1986ஆம் ஆண்டுப் படங்களில் சிறந்த நடிகருக்கான தேசிய விருது சாருஹாசனுக்குக் கிடைத்தது. ஆனால் அது கன்னடப் படம்: கிரீஷ் காசரவள்ளியின் 'தபரன கதெ'. ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, பணம் வருவதற்குள் நோயுற்ற மனைவியை இழந்துவிடும் கடைநிலை ஊழியர் தபரன். அந்த அலைச்சலைக் கண்ணீர்க் காட்சியாக்காமல், விதிமுறைகளை இன்னும் நம்பும் ஒரு மனிதனின் பொறுமையாக அவர் நடித்திருப்பார்.

குணச்சித்திர நடிகரின் கதி எங்கும் இதுதானே என்று கேட்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. காசரவள்ளி கண்டதும் நாம் கண்ட அதே முகத்தைத்தான். அவர் கையில் பூர்ணசந்திர தேஜஸ்வியின் சிறுகதை இருந்தது, வேறுபாடு அவ்வளவே. தமிழில் அத்தகைய கதைகளுக்குப் பஞ்சமா? எளிய மனிதர்களின் அன்றாட அவமானங்களை அசோகமித்திரனைவிட நுட்பமாக எழுதியவர் யார்? 'உதிரிப்பூக்கள்' படமும் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டு எழுந்ததுதான். இலக்கியத்தின் வழியே வந்தவரை இலக்கியம் படிக்காத திரையுலகம் வீணடித்தது என்பதே நம் கருத்து. 2019இல், எண்பது வயதைக் கடந்தபின், 'தாதா 87' படத்தில் அவருக்கு முதன்மைப் பாத்திரம் கிடைத்தது. அதுவும் ஒரு தாதாவின் வேடம்!

திரையுலகை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. இயக்குநர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் சிற்றிதழ்க்காரர்களாகிய நாம் இத்தகைய நடிகர்களைப் பற்றி எவ்வளவு எழுதினோம்? குறைந்தபட்சம் 'தபரன கதெ'யைத் தமிழ்த் துணைத்தலைப்புகளுடன் திரையிடவாவது நம் திரைப்படச் சங்கங்கள் முன்வர வேண்டும். முதல் திரையிடல் பரமக்குடியிலேயே நடக்கட்டும்.