இரவில் யார் விழித்திருப்பது?

2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்கு அருகிலுள்ள கருத்தரிப்பு மையம் ஒன்றில், வார இறுதியில் உறைகலனின் வெப்பநிலை ஏறியது. 4,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் பாழாயின. எச்சரிக்கை அனுப்பும் கருவி அணைந்து கிடந்தது. புற்றுநோய் சிகிச்சைக்கு முன் முட்டைகளைச் சேமித்த பெண்களும் பாதிக்கப்பட்டவர்களில் உண்டு. அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு ஏது?

இந்தியாவில் இத்தகைய மையங்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம்தான், பதிவோடு நின்றுவிடக் கூடாது. கலனுக்குள் அளவுகோலை இறக்கி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். கருவை வளர்க்கும் கிண்ணத்தில் எழுதிய பெயரை இன்னொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் முதலில் அந்த நோட்டைக் கேட்கட்டும். நள்ளிரவில் எச்சரிக்கை மணி அடித்தால் யாருடைய போனுக்கு அழைப்பு போகும் என்பதையும் கேட்கட்டும்.