கண்ணில் விடும் மருந்தின் பெயர் எமக்குத் தெரிய வேண்டும்

வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் பாடுபடுபவர்களுக்குக் கண் உறுத்தல் புதிதல்ல. சோளகக் காற்று புழுதியை அள்ளி வரும் மாதங்களில் கண் காய்ந்து, மணல் விழுந்தது போல் அரிக்கும். விறகடுப்புப் புகையும் இதைக் கூட்டும். வயதானவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இத்தொல்லை அதிகம். சிலருக்குக் கண்ணீர் ஓயாது வடியும். அதுவும் கண் வரட்சியின் அடையாளமாக இருக்கலாம்.

இதற்குச் செயற்கைக் கண்ணீர் என்னும் துளி மருந்து நல்ல உதவி. அதைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆனால், 'கண்மருந்து' என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் சின்னப் போத்தல்கள் யாவும் ஒன்றல்ல.

ஊர்விட்டு வந்து ஒரே வளவில் பல குடும்பங்கள் நெருங்கி வாழும்போது, ஒருவருக்குக் கொடுத்த போத்தல் நாலு வீட்டுக்குப் போகிறது. ஒரு போத்தலில் இருப்பது கண்ணை நனைக்கும் நீர். இன்னொன்றில் இருப்பது ஸ்டீரொயிட். அது சிவப்பை விரைவில் போக்குவதால் 'கைகண்ட மருந்து' என்று பெயரெடுத்து விடுகிறது. வைத்தியரின் மேற்பார்வையின்றி வாரக்கணக்கில் விட்டால் கண்ணின் உள்ளமுக்கம் கூடி, குளுக்கோமா உண்டாகலாம். அதனால் இழந்த பார்வை திரும்பாது. சூடடிக்கும்போது நெற்சுணை பட்டு உண்டான புண்ணுக்கு அதை விட்டால், பூஞ்சணத் தொற்று பெருகிக் கண்ணே பறிபோகலாம்.

பிள்ளைகளின் காரியம் வேறு. மாலைக் கருக்கலில் தட்டுத் தடுமாறும் பிள்ளையின் கண் காய்ந்திருந்தால், அது விற்றமின் ஏ குறைவாக இருக்கலாம். அதற்குத் துளி மருந்து பரிகாரமல்ல. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். முருங்கையிலை, பப்பாசிப்பழம், முட்டை ஆகியவற்றை உணவில் சேர்க்க வேண்டும்.

'காசு கொடுத்து வாங்கிய மருந்தைப் பாதியில் எறிவதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், திறந்த போத்தலுக்குள் கிருமி புகும். பெரும்பாலானவற்றைத் திறந்து நாலு கிழமையில் எறிந்துவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் செய்த செயற்கைக் கண்ணீரில் கிருமி கலந்திருந்ததால், 2022, 2023ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பலர் தொற்றுக்கு ஆளாயினர். அந்நாட்டு அரசின் கணக்கின்படி நோயுற்றோர் 81 பேர். பார்வை இழந்தோர் 14 பேர். இறந்தோர் 4 பேர். முத்திரை உடையாத போத்தலிலேயே இப்படி நேருமானால், பல கை மாறிய போத்தலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து முதலில் பணியாற்றிய இடம் எமது வட்டுக்கோட்டை. அடுத்த ஆண்டு மானிப்பாய்க்குச் சென்ற அவர், பின்னர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மண்ணில், இன்று ஓர் ஏழைத் தாய் ஆங்கில எழுத்துப் போத்தலைக் கையில் வைத்து விழிப்பது சரியா?

ஆகவே, மருந்து வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இது கண்ணீர்த் துளியா, ஸ்டீரொயிட்டா? எத்தனை நாளைக்கு விடுவது? எப்போது எறிவது? பதிலைத் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதைக் கிளினிக்குகளிடமும் பாமசிகளிடமும் கூட்டாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கையைக் கழுவி, கீழிமையை இழுத்து, போத்தலின் நுனி கண்ணில் படாமல் ஒரு துளி விடுங்கள். ஆளுக்கொரு போத்தல் என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். கண்நோவு, பார்வை மங்கல், வெளிச்சம் கூசுதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், துளி மருந்தை நம்பி வீட்டில் இராமல் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள்.